தூங்கும் காகிதங்கள்

செவ்வாய்க்கிழமை காலை, நகலெடுக்கும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டு, சிக்கிக்கொண்ட காகிதத்தைக் கிழியாமல் இழுத்துக்கொண்டிருந்தார் மாசிபியா. மேசையில் தொலைபேசி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டார். மறுபடி அடித்தது. கை நிறைய கறுப்புப் பொடியோடு எழுந்து, கைக்குட்டையால் ரிசீவரைப் பிடித்து எடுத்தார். ஆலையின் பணியாளர் பிரிவிலிருந்து மொலேஃபே.

வழக்கப்படி முதலில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். அவர் மனைவிக்கு முட்டி வலி எப்படி, இவர் கூரையில் போன மாதக் காற்று பிடுங்கிய தகடு மாட்டியாயிற்றா, எல்லாம் கேட்டு முடிந்தது. பிறகு மறுமுனையில் கொஞ்சம் அமைதி. முப்பது வருடமாக வேலை கேட்டு மற்றவர்களுக்காகத் தொலைபேசி பிடித்த பெண்ணுக்கு அந்த அமைதி தெரியாதா? மாசிபியா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பயிற்சிக்கு நீங்க அனுப்பின பத்துப் பேருல நோக்வாசி ஷோங்வே ரெண்டு தடவ வரா, மாசிபியா."

"ஷோங்வே வீட்டுப் பிள்ளைங்க இங்க தெருவுக்கு நாலு பேரு, பாபா. பேரு ஒத்துப் போறது பெரிய விஷயமா?"

"பேரு இல்லம்மா. அடையாள எண். அதே எண்ணுல எங்ககிட்ட ஏற்கெனவே ஒரு நோக்வாசி ஷோங்வே இருக்கா. மூணு வருஷமா கான்ட்ராக்ட்ல கூட்டிப் பெருக்குறா. பன்னெண்டாவதுக்கு மேல படிக்கலன்னு கையெழுத்துப் போட்டிருக்கா. உங்க பட்டியல்ல இருக்கிற நோக்வாசி இரசாயனம் மூணு வருஷம் படிச்சு, வகுப்புல ரெண்டாவதா வந்தவ. இதுல யாரு பொய் சொல்றா?"

மாசிபியாவின் விரல்களிலிருந்த கறுப்புப் பொடி வெள்ளைக் கைக்குட்டையில் ஏறிக்கொண்டிருந்தது.

"பேர எடுத்துடவா?"

"எடுத்தாலும் கேள்வி கேள்விதான். கேட்டது நான் இல்ல, கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குள்ள ஒரு அபிடவிட் வேணும். ஏன் மறைச்சேன்னு எழுதி, போலீஸ் ஸ்டேஷன்ல முத்திரை வாங்கி. அவளா செஞ்சதுன்னா அது அவ பாடு. ஒரு குழு உக்காரும். மன்னிச்சு எடுத்துக்கலாம், இருக்கிற வேலையையும் பிடுங்கிட்டு அனுப்பலாம். ஆனா யாராவது சொல்லிக் கொடுத்து செஞ்சதுன்னா..." மொலேஃபே குரலைத் தாழ்த்தினார். "அப்ப அது வேற கதைம்மா. கூட்டுறவங்க, டீ போடறவங்க, லாரி கழுவுறவங்க எல்லார் ஃபைலையும் பிரிப்பாங்க. உங்க கல்லூரியோட ஒப்பந்தத்தையும்."

"புரியுது, பாபா."

"புரியும்னு தெரியும். அதான் மெயில் போடாம பேசுறேன்."

ஆலை ஊரான எம்லில்வேனியில் பிறந்தவர்களுக்குப் படிப்பை மறைப்பது புதிதில்லை. அங்கே எந்த வீட்டு முற்றத்தில் நின்றாலும் ஆலையின் உச்சியில் எரியும் தீ தெரியும். நிலக்கரியை உள்ளே கொட்டி பெட்ரோலாகவும் உரமாகவும் மெழுகாகவும் வெளியே எடுக்கிற ஆலை. முட்டை அழுகின வாடை காற்றில் வந்தால் துணி காயப்போட்டவர்கள் உள்ளே எடுப்பார்கள். மற்றபடி யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. பிள்ளைகள் தொழிற்கல்லூரியில் சேர்வதே அந்தத் தீயைப் பார்த்துத்தான். மூன்று வருடம் படித்தால் ஒரு சான்றிதழ். ஆனால் அது பாதிச் சான்றிதழ். ஆலைக்குள் பதினெட்டு மாதம் வேலை பழகி, அதற்குக் கையெழுத்து வாங்கி வந்தால்தான் முழு டிப்ளமோ. டிப்ளமோ இல்லாதவரை ஆலை உள்ளே விடாது. உள்ளே போகாமல் டிப்ளமோ கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் மாசிபியாவின் அலுவலகம். வேலைவாய்ப்புப் பிரிவு என்று கதவில் பலகை.

மூன்று வருடத்துக்கு முன்னால், அந்த ஊரின் குளிர்காலமான ஜூலையில் ஒரு காலை, புல் முழுக்க உறைபனி வெளுத்துக் கிடந்தபோது, நோக்வாசி அந்தக் கதவைத் தட்டினாள். நாற்பத்தாறாவது விண்ணப்பமும் திரும்பி வந்திருந்தது. ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்த கான்ட்ராக்டர் அவளுடைய பயோடேட்டாவைப் பார்த்துச் சிரித்தானாம். "நீ படிச்சவ, துடைப்பம் பிடிக்க மாட்ட. பிடிச்சாலும் ரெண்டு மாசத்துல சங்கம் ஆரம்பிப்ப" என்றானாம். அவள் அழவில்லை. அழுதிருந்தால் மாசிபியா ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார். அவள் தன் பயோடேட்டாவை மேசையில் வைத்து, "இதுல எந்த வரிய எடுத்தா எனக்கு துடைப்பம் தருவாங்க, மா?" என்று கேட்டாள்.

மாசிபியா பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார். கல்லூரியின் பெயரிருந்த வரி. "காகிதத்த தூங்க வை" என்றார். "உள்ள போ. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போயிட்டா ஒரு நாள் யாராவது பார்ப்பாங்க. அப்ப எழுப்பிக்கலாம்."

அது அவர் கண்டுபிடித்த வழி இல்லை. நிலக்கரிச் சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் அப்பாமார்கள் காலத்திலேயே செய்ததுதான். ஆனால் பேனாவால் அடித்தது அவர் கை. அதற்குப் பிறகு இன்னும் பத்துப் பேருக்கு அடித்தார். தகரக் குடிசையில் வைத்தால் மழை நனைக்கும், ஹீட்டர் விழுந்து எரியும் என்று அசல் சான்றிதழ்களை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் பதினோரு பழுப்பு உறைகள். வருடத்துக்கு ஒருமுறை மாசிபியா அவற்றை வெளியே எடுத்துப் பூச்சி உருண்டை மாற்றுவார். யாரும் யாரையும் எழுப்பவில்லை.

இந்த வருடம்தான் ஆலை முதல்முறையாகப் பத்துப் பயிற்சி இடங்களை இந்தக் கல்லூரிக்கென்றே ஒதுக்கியது. பதினெட்டு மாதம். முடித்தால் டிப்ளமோ, கட்டுப்பாட்டு அறையில் வேலை. வயது முப்பது ஆகியிருக்கக் கூடாது. நோக்வாசிக்கு அக்டோபர் ஒன்பதாம் தேதி முப்பது. அதற்கு இன்னும் மூன்று வாரம். மாசிபியா பட்டியலில் அவள் பெயரைத்தான் முதலில் எழுதினார். சந்தோஷத்தில் எழுதினார். அந்தச் சந்தோஷத்தில்தான் ஒன்றை மறந்துபோனார்: துடைப்பத்துக்குக் கொடுத்த அடையாள எண்ணும் படிப்புக்குக் கொடுத்த அடையாள எண்ணும் ஒன்றுதான், இரண்டும் இப்போது ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கின்றன.

மறுநாள் மதிய இடைவேளைக்கு ஆலையின் நாலாம் வாசலுக்குப் போனார். ஷட்டவுன் காலம். ஆலையின் ஒரு பகுதியை நிறுத்தி, திறந்து, கழுவி, மூடுகிற ஆறு வாரம். ஊருக்குள் ஆயிரக்கணக்கில் வெளியூர் ஆட்கள். வாசலுக்கு எதிரே சமோசாவும் கோழிக்காலும் விற்கிற பெண்கள் மண் காற்றுக்குத் தலையில் துணி கட்டி நின்றார்கள். மாசிபியா இரண்டு கோட்டா வாங்கினார். கால் ரொட்டியைக் குடைந்து, உருளை வறுவலும் மாங்காய் அச்சாரும் திணித்து, அழுத்திக் காகிதத்தில் சுற்றினது. நோக்வாசி சுழலும் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலைக்கவசம் வைத்த இடத்தில் நெற்றியில் சிவப்புக் கோடு. கழுத்தில் விசில்.

"இப்ப என்ன வேலை குடுத்திருக்காங்க?"

"ஓட்டைக்குக் காவல்." ரொட்டியைக் கடித்தபடியே சொன்னாள். "பெரிய தொட்டி இருக்குல்ல, அதுக்கு ஒரு ஓட்டை. அது வழியா ஆளு உள்ள போவான். நான் வெளிய உக்காந்து, போனவன் பேர எழுதணும், வந்தவன் பேர அடிக்கணும். உள்ள ஒருத்தன் இருக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போகவும் கூடாது. மூணு வருஷம் இரசாயனம் படிச்சது அஞ்சு வரைக்கும் எண்றதுக்கு, மா."

சிரித்தாள். மாசிபியா சிரிக்காததைப் பார்த்து ரொட்டியைக் கீழே வைத்தாள். "பேரு வரலையா?"

மாசிபியா சொன்னார். மொலேஃபே சொன்ன வரிசையிலேயே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். நோக்வாசி கேட்டுக்கொண்டே விரலிலிருந்த அச்சார் எண்ணெயைக் காகிதத்தில் துடைத்தாள். துடைத்த விரலையே மறுபடி துடைத்தாள்.

"அப்ப நான் ரெண்டு பேரு," என்றாள் கடைசியில். "ஒருத்திக்கு வேலை இருக்கு, படிப்பு இல்ல. இன்னொருத்திக்குப் படிப்பு இருக்கு, வேலை இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழுப் பொம்பளை வரும்னு பார்த்தா, திருடி வரா."

"நீ திருடி இல்ல. அடிச்சது நான். நானே எழுதித் தரேன். நான்தான் சொன்னேன்னு சத்தியம் பண்றேன். சொல்லிக் கொடுத்தவ மேலதான் தப்பு. உன்ன எடுத்துப்பாங்க."

"உங்கள?"

"எனக்கு அம்பத்தெட்டு வயசு. என்ன பண்ணிடுவாங்க?"

"வேலைய விட்டு அனுப்புவாங்க. அது சரி. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேப்பாங்களே, மா." நோக்வாசி அவர் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தாள். "இவளுக்கு மட்டும்தான் சொன்னியான்னு. அப்ப என்ன சொல்வீங்க? சத்தியம் பண்ணிட்டு நிக்கும்போது?"

உள்ளேயிருந்து ஊதல் ஒலித்தது. அவள் மீதி ரொட்டியைச் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "யோசிச்சுட்டு சொல்றேன். நீங்க ஒண்ணும் எழுதாதீங்க." போகிறபோது திரும்பி, "அச்சார் நல்லா இருந்துச்சு" என்றாள். இரும்புக் கதவு ஒரு சுற்றுச் சுற்றி அவளை உள்ளே எடுத்துக்கொண்டது.

வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போக மாசிபியா சபைப் பெண்கள் அணியும் சிவப்பு மேலாடையும் வெள்ளைக் காலரும் போட்டுக்கொண்டு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சிசாகெலே. கட்டுப்பாட்டு அறையில் டீ போடுகிறவள். பதினோரு உறைகளில் ஏழாவது அவளுடையது. அன்று அவளுக்கு விடுமுறை, ஆனாலும் ஆலையின் நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். அவளிடம் வேறு கோட்டு இல்லையோ, அல்லது வேண்டுமென்றே போட்டு வந்தாளோ, தெரியாது.

"சிவப்புச் சட்டை போட்டிருக்கீங்க. சாமிகிட்ட எங்களுக்காகக் கேக்கப் போறீங்களா, இல்ல எங்களப் பத்தி சொல்லப் போறீங்களா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"மாசிபியா, நான் டீ போடறவ. கதவு சாத்திப் பேசுற எல்லா அறைக்கும் தட்டத்தோட போறவ."

மாசிபியா கதவை மறுபடி திறந்து அவளை உள்ளே உட்கார வைத்தார். சிசாகெலே உட்கார்ந்ததும் அலமாரியைத்தான் பார்த்தாள். அதைத் திறக்கச் சொல்லவில்லை.

"உங்க மனசு பெருசுதான். யாரு இல்லேன்னா? ஆனா உங்க மனசு பெருசாறதுக்கு எங்க வயித்தச் சுருக்கணுமா? நோக்வாசி ஒருத்தி மேல ஏறுறதுக்கு நாங்க பத்துப் பேரு ஏணியா?"

"அவளுக்கு மூணு வாரம்தான் இருக்கு, சிசா. அதுக்கப்புறம் வயசு போயிடும்."

"எனக்குப் போயிடுச்சு. போன வருஷமே." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "யாராவது அழுதாங்களா? டீதான் போட்டேன்."

பிறகு சிசாகெலே தானாகவே ஒன்றைச் சொன்னாள். போன மாதம், மதியம், தட்டத்தோடு கட்டுப்பாட்டு அறைக்குப் போயிருக்கிறாள். நாலு பேர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது திரையில் ஒரு தொட்டியின் அளவு ஏறிக்கொண்டே போகிறது. ஏறக் கூடாத தொட்டி. அவள் அதைப் படித்தவள். எந்தக் குழாய் அடைத்தால் அது ஏறும் என்று பரீட்சையில் படம் போட்டு மதிப்பெண் வாங்கியவள். சொன்னால், டீக்காரிக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால், அந்தத் தொட்டிக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

"நான் என்ன பண்ணேன் தெரியுமா? சர்க்கரைய கலக்கிக்கிட்டே, ‘பாபா, அந்தச் சிவப்பு லைட் ரொம்ப நேரமா உங்களப் பார்த்துக் கண்ணடிக்குதே, உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் யாரும் சிரிக்கல. எல்லாம் சரி பண்ணிட்டு ஒருத்தன் என் முதுகைத் தட்டி, ‘அதிர்ஷ்டக்காரி’ன்னான்." அவள் எழுந்து கோட்டின் பொத்தானைப் போட்டாள். "தெரிஞ்சத தெரியாத மாதிரி சொல்லக் கத்துக்கிட்டேன், மா. அது உங்க கல்லூரியில சொல்லித் தரல. அந்த டீ வேலையிலதான் என் ரெண்டு பிள்ளைங்களும் அம்மாவும் சாப்பிடுறாங்க. தம்பி இங்கதான் படிக்கிறான், உங்க இடது பக்கக் கட்டடத்துல. அவனுக்கும் ஒரு நாள் பேனா எடுப்பீங்கல்ல?"

மாசிபியா ஜெபக் கூட்டத்துக்குப் போகவில்லை. சிவப்பு மேலாடையோடேயே வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். *நான், லிண்டேனி சிபியா, கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர், சத்தியமாகச் சொல்வது.* ‘மா’ என்பது ஊர் மரியாதைக்குச் சேர்த்தது, காகிதத்தில் வராது. நோக்வாசி எழுத வேண்டாம் என்றது நினைவிருந்தது. ஆனாலும் பாருங்கள், ஒரு பெண் உங்கள் பேச்சைக் கேட்டு நடந்து, நடந்த இடத்தில் பள்ளம் இருந்தால், அவள் ‘பரவாயில்லை’ என்றதும் நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவீர்களா? அவரால் முடியவில்லை. ‘நான்தான் சொன்னேன்’ என்ற வரி சுலபமாக வந்தது. அதற்கடுத்த வரியில் பேனா நின்றது. ‘வேறு யாருக்கும் சொல்லவில்லை’ என்று எழுதினால் பொய். எழுதாமல் விட்டால் அந்த வெற்றிடமே மொலேஃபேயின் குழுவுக்கு ஒரு கதவு. நாலு காகிதம் போயிற்று. ஐந்தாவதில் அந்த வரியை எழுதவுமில்லை, விடவுமில்லை: ‘இவள் விஷயத்தில் குற்றம் முழுக்க என்னுடையது’ என்று முடித்தார். இவள் விஷயத்தில். அந்த இரண்டு வார்த்தையை எத்தனை பேர் எப்படியெல்லாம் படிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே அடுப்பிலிருந்த மாவுக் கஞ்சியை அடிப்பிடிக்க விட்டார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு போலீஸ் நிலையத்தில் ஏற்கெனவே வரிசை. எம்லில்வேனியில் அபிடவிட் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அடையாள அட்டை தொலைந்ததற்கு, முகவரி உண்மை என்பதற்கு, கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு, வருமானம் இல்லை என்பதற்கு. சுவரோரமாக நீளப் பெஞ்சு. மாசிபியாவுக்கு முன்னால் நாலு பேர், பின்னால் மூன்று பேர். பக்கத்தில் கட்டைவிரலில் கட்டுப்போட்ட ஒரு வெல்டர். இந்தப் பக்கம் நகத்துக்கு ஊதாச் சாயம் பூசிய ஒரு பெண், உதவித்தொகைக்காக ‘எனக்கு வேலை இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"‘நான் வேலை இல்லாதவள்’னு எழுதினா போதுமா ஆன்ட்டி, இல்ல எத்தன வருஷமான்னும் எழுதணுமா?"

"வருஷமும் எழுது, கண்ணு."

"இடம் பத்தாதே," என்று அவள் சிரித்தாள்.

கம்பி போட்ட மேசைக்குப் பின்னால் ஒரு இளம் காவலர். இரவுப் பணி முடிந்து மாற்ற ஆள் வராததால் இன்னும் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் கண்களைப் பார்த்தாலே தெரிந்தது. தட்டில் பாதி கடித்த மக்வின்யா, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை. பெஞ்சிலிருப்பவர்களின் காகிதங்களை ஒவ்வொன்றாக வாங்கி, பெயரும் எண்ணும் சரியா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தார். மாசிபியாவின் காகிதத்தில் அவர் கண் நின்றது. அவரை நிமிர்ந்து பார்த்தார். காகிதத்தை மறுபடி பார்த்தார்.

"கண்ணாடி போட்டவங்க. கல்லூரிக்காரங்க." தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். "நீங்கதானா மாசிபியா?"

"ஆமாப்பா."

"காலையில அஞ்சரைக்கு ஒரு பொண்ணு வந்தா, மா. வேலைக்குப் போற சட்டையோட, கழுத்துல விசிலோட. பஸ்ஸு வெளிய ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்குது, இவ நிதானமா எழுதுறா. முத்திரை வாங்கிட்டு, ‘என் பின்னாடி ஒரு அம்மா வருவாங்க, இன்னிக்கே வருவாங்க, அவங்ககிட்ட சொல்லிடுங்க’ன்னா."

"என்னன்னு?"

"‘நான் குடுத்தாச்சு’ன்னு. பஸ் போற வழியில ஆலை ஆபீஸ் பெட்டியிலேயே போட்டுடறேன்னா." காவலர் காதைச் சொறிந்தார். அடுத்ததைச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தார். களைப்பாக இருந்ததால் சொல்லிவிட்டார். "‘யாரும் எனக்கு சொல்லித் தரல, பசிக்காக நானே மறைச்சேன்’னு எழுதியிருந்தா. ‘யாரும்’ங்கிறதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தா. சத்தியம் பண்ணும்போது கை கொஞ்சம்கூட ஆடல, மா. இங்க வரவங்களுக்கு எல்லாம் ஆடும். உண்மை சொல்றவங்களுக்கும் ஆடும்."

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெல்டரிடம் போனார்.

மாசிபியா தன் எழுத்தைப் பார்த்தார். ‘நான்தான் சொன்னேன்.’ நேற்று இரவு வரை அது ஒரு பெண்ணை வெளியே இழுக்கிற கயிறாக இருந்தது. இப்போது இதற்கும் முத்திரை விழுந்து ஆலை ஆபீஸ் பெட்டிக்குள் போனால், அங்கே ஒன்றையொன்று மறுக்கிற இரண்டு சத்தியங்கள் இருக்கும். ஒன்று பொய்ச் சத்தியம் என்று ஆகும். எது பொய் என்பதில் மொலேஃபேக்குச் சந்தேகமே வராது. மாசிபியாவின் உண்மை அவ்வளவு பொருத்தமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் படிப்பை மறைத்தவள் இன்று காலை போலீஸ் முன்னால் கை தூக்கிப் பொய் சொன்னவளும் ஆவாள். அதற்கு வேலை மட்டும் போகாது, வழக்கே வரும். கொடுக்காமல் போனால், குழு உட்காரும்போது நோக்வாசி தனியாக நிற்பாள். மன்னிக்கலாம். துடைப்பத்தையும் பிடுங்கலாம். எதுவானாலும் மாசிபியா அலுவலகத்தில் உட்கார்ந்து, அடுத்த வருடத்துப் பிள்ளைகளின் பயோடேட்டாவைத் திருத்திக்கொண்டிருப்பார். சிசாகெலே டீ போட்டுக்கொண்டிருப்பாள். நோக்வாசி கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறாள். வகுப்பில் இரண்டாவதாக வந்தவள்.

இந்நேரம் அவள் தொட்டியின் வாயில் உட்கார்ந்திருப்பாள். உள்ளே ஆள் இருக்கும். எழுந்திருக்க முடியாது.

எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தார். இந்தப் பக்கம் ஊதா நகக்காரியின் முழங்கால், அந்தப் பக்கம் வெல்டரின் பை. ‘கொஞ்சம் வழி விடு கண்ணு’ என்று சொல்ல வாயைத் திறந்தபோது காவலர் மேசையைத் தட்டினார்.

"எல்லாரும் எழுதி முடிச்சாச்சா? ஆளாளுக்கு எட்டு தடவ இதைச் சொல்ல என்னால முடியாது, நான் நேத்து சாயங்காலத்துலேர்ந்து இங்க இருக்கேன். மொத்தமா முடிச்சுடலாம். எந்திரிங்க. வலது கைய தூக்குங்க."

பெஞ்சு ஒரே சத்தத்தோடு காலியானது. எல்லோரும் எழுந்ததில் மாசிபியாவும் எழுந்திருந்தார். சுவரோரமாக எட்டுக் கைகள் மேலே போயின. கட்டுப்போட்ட கட்டைவிரல் ஒன்று, ஊதா நகங்கள் ஒன்று, பேனாவைக் கீழே வைக்க மறந்த கை ஒன்று. ஒரு கிழவர் இடது கையைத் தூக்க, பக்கத்திலிருந்தவர், "அது சாப்பாட்டுக்கே உதவாத கை, தாத்தா" என்று மாற்றிவிட்டார். யாரோ சிரித்தார்கள்.

"கையில இருக்கிற காகிதத்துல எழுதியிருக்கிறது உங்களுக்குத் தெரியுமா, புரியுமா?"

"ஆமா," என்றது வரிசை.

"அது உங்க மனசாட்சியக் கட்டும்னு ஒத்துக்கிறீங்களா?"

"ஆமா."

காவலர் முத்திரையை மைத்தட்டில் அழுத்தி, மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தார். சுவரில் காகிதத்தை வைத்து ஒரு குத்து. அடுத்தவர். ஒரு குத்து. முத்திரை விழுந்தவர்கள் கையை இறக்கிக்கொண்டு வெளியே போனார்கள். வெயில் வாசற்படி வரை வந்திருந்தது. மாசிபியா இடது கையால் காகிதத்தை, எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி, வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றார். ஊதா நகக்காரி தன் முத்திரையை ஊதிக் காயவைத்தபடி நகர்ந்தாள். காவலர் மறுபடி மைத்தட்டில் அழுத்திவிட்டு இவரிடம் கையை நீட்டினார்.

மாசிபியாவின் வலது கை அப்போதும் மேலேதான் இருந்தது.